யானை இல்லாத மிருகக்காட்சி சாலை!

மிருகக்காட்சி சாலைக்குள் நுழைந்ததும் குழந்தைகள் கேட்கும் முதல் கேள்வி, "யானை எங்கே?" என்பதுதான்.

அடுத்த கேள்வி, "சிங்கம் எங்கே?"

டார்ஜிலிங் நகரத்து மிருகக்காட்சி சாலையில் இந்த இரண்டுக்கும் ஒரே பதில்தான். இல்லை!

யானை இல்லை. சிங்கம் இல்லை. ஒட்டகச்சிவிங்கி இல்லை. நீர்யானையும் இல்லை.

ஆனால், 2022-ம் ஆண்டில் நம் நாட்டு மிருகக்காட்சி சாலைகளை மத்திய ஆணையம் தரம் பார்த்து மார்க்கு போட்டது. முதல் இடம் யாருக்கு? இந்த யானை இல்லாத இடத்துக்குத்தான்! 83 சதவீத மார்க்கு. நம் சென்னைக்கு அருகில் உள்ள வண்டலூருக்கு 82, இரண்டாம் இடம். மைசூருக்கு 80, மூன்றாம் இடம்.

வண்டலூர் பூங்கா 1,400 ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கிறது. டார்ஜிலிங் மிருகக்காட்சி சாலையோ 67½ ஏக்கர்தான். அண்ணனை ஒரு மார்க்கில் தம்பி முந்திவிட்டான்!

அப்படி என்ன இருக்கிறது அங்கே?

மேகத்துக்குள் ஒரு ஊர்

டார்ஜிலிங் மேற்கு வங்காளத்தின் வடக்குக் கோடியில், இமயமலையின் தோளில் இருக்கும் ஊர். நம்மவர்கள் அங்கே போக வேண்டுமானால் ரெயிலில் நியூ ஜல்பைகுரியில் இறங்க வேண்டும். விமானத்தில் போகிறவர்கள் பாக்டோக்ராவில் இறங்குவார்கள். பிறகு மலை ஏற்றம். ஜீப்பில் போனால் சுமார் மூன்று மணி நேரம்.

அவசரம் இல்லாதவர்களுக்குக் குட்டி ரெயில் இருக்கிறது. தண்டவாளத்தின் அகலம் இரண்டே அடி! 1881-ம் ஆண்டு முதல் இந்த ரெயில் டார்ஜிலிங் வரை ஓடுகிறது. கடை வாசலை உரசிக்கொண்டு, வீட்டுத் திண்ணையை எட்டிப் பார்த்துக்கொண்டு போகும். வழியில் கூம் என்ற ஸ்டேஷன். உயரம் 7,407 அடி. இந்தியாவில் இதைவிட உயரத்தில் ரெயில்வே ஸ்டேஷன் கிடையாது.

ஊரின் நடுவில் சவுரஸ்தா என்ற மைதானம். அங்கிருந்து ஜவாஹர் பர்வதம் என்ற குன்றை நோக்கி இறங்கும் சாலையில் அரைமணி நேரம் நடந்தால் மிருகக்காட்சி சாலையின் வாசல் வந்துவிடும். ஒரு பக்கம் மலைச் சுவர். மறு பக்கம் பள்ளத்தாக்கு. வானம் தெளிந்திருந்தால் கஞ்சன் ஜங்கா சிகரம் வெள்ளி மலை போல எதிரே நிற்கும். தெளிந்திருக்காவிட்டால், முன்னால் போகிறவரின் குடைகூடத் தெரியாது.

வாசலில் டிக்கெட் வாங்கி உள்ளே போனதும் பிரயாணிக்கு முதலில் தெரியும் விஷயம் மிருகம் அல்ல, முழங்கால் வலி! அங்கே சமதரை என்பதே அபூர்வம். எல்லாம் ஏற்றம், இறக்கம், படி. கடல் மட்டத்துக்கு மேல் 7,000 அடி. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். நம் ஊர்த் தாய்மார்கள் சேலைக்கு மேல் ஸ்வெட்டரும், ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போட்டுக்கொண்டு, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டபடி ஏறுவதை சீசன் காலத்தில் பார்க்கலாம்.

மலைப் பிராணிகளின் வீடு

இந்த மிருகக்காட்சி சாலை 1958-ம் ஆண்டு ஆகஸ்டு 14-ந் தேதி தொடங்கப்பட்டது. இமயமலையில் வாழும் பிராணிகளை வளர்த்து ஆராய வேண்டும் என்பது நோக்கம். முதலில் வைத்த பெயர் இமாலய உயிரியல் பூங்கா. 1975-ம் ஆண்டு பிரதமர் இந்திரா காந்தி இதற்குப் பத்மஜா நாயுடுவின் பெயரைச் சூட்டினார். பத்மஜா, கவியரசி சரோஜினி தேவியின் மகள். 1956 முதல் 1967 வரை மேற்கு வங்காளத்தின் கவர்னராக இருந்தவர்.

யானை ஏன் இல்லை என்பதற்குக் காரணம் அந்த நோக்கத்திலேயே இருக்கிறது. குளிர்ந்த மலைக்குச் சொந்தமான பிராணிகளுக்குத்தான் அங்கே முதல் மரியாதை. சமவெளியில் கூண்டு கட்டி, மின்சார விசிறி வைத்து, ஐஸ் கட்டி போட்டுக் காப்பாற்ற வேண்டிய பிராணிகள், அங்கே காற்றை அனுபவித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கின்றன.

நெஞ்சில் வெள்ளைப் பிறை போட்ட கறுப்புக் கரடி, சாம்பல் நிற ஓநாய், நீல ஆடு. மோனால் என்ற மலைக்கோழியின் இறகில் வானவில்லே குடியிருக்கும்.

தமிழ்நாட்டுக்காரர்கள் ஒரு வேலியின் முன் கொஞ்ச நேரம் நிற்பார்கள். உள்ளே இமயமலை வரையாடு! நம் நீலகிரி வரையாட்டுக்கு இது நெருங்கிய உறவு என்றுதான் விஞ்ஞானிகள் வெகு காலம் நினைத்திருந்தார்கள். ஆனால் 2005-ம் ஆண்டில் வெளியான மரபணு ஆராய்ச்சி வேறு விதமாகச் சொன்னது. நம் வரையாடு செம்மறியாட்டு வர்க்கத்துக்குத்தான் அதிக நெருக்கமாம். பெயர்தான் ஒன்று, குடும்பம் வேறு!

புலியும் உண்டு. 1960-ம் ஆண்டில் ரஷ்யாவின் தலைவர் குருஷேவ் ஒரு ஜோடி சைபீரியப் புலிகளை அன்பளிப்பாகக் கொடுத்தார். அந்தக் காலத்தில் அவற்றைப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது. அந்த வம்சம் பிறகு இல்லாமல் போய்விட்டது. 2023 டிசம்பரில் சைப்ரஸ் நாட்டிலிருந்து மறுபடியும் ஒரு ஜோடி சைபீரியப் புலிகள் வந்து சேர்ந்தன.

கர்ஜிக்காத சிறுத்தை

பனிச்சிறுத்தையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

இது வெண்சாம்பல் நிறம். உடம்பு முழுவதும் கருப்பு வளையங்கள். பாதத்தின் அடியில்கூட ரோமம். பனியில் நடக்கும்போது கால் சில்லிடாது. வால் சுமார் ஒரு மீட்டர் நீளம். பாறைக்குப் பாறை தாவும்போது அந்த வால்தான் துலாக்கோல். படுத்துக்கொண்டால் அதுவே கம்பளி; மூக்கைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும்.

புலி கர்ஜிக்கும், சிங்கம் கர்ஜிக்கும். பனிச்சிறுத்தைக்குக் கர்ஜிக்க வராது! அதன் தொண்டை அமைப்பு அப்படி.

2024 ஜனவரியில் வெளியான கணக்கின்படி, இந்தியா முழுவதும் காட்டில் இருக்கும் பனிச்சிறுத்தைகள் 718. ஒரு சின்னக் கிராமத்து ஜனத்தொகைகூட இல்லை. இதை எண்ணிப் பார்த்தால், 1980-களில் டார்ஜிலிங் எடுத்துக்கொண்ட வேலையின் அருமை தெரியும். லடாக்கிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் சில பனிச்சிறுத்தைகளைக் கொண்டுவந்து, அவற்றைக் குட்டி போட வைத்தார்கள். இந்தியாவில் எந்த மிருகக்காட்சி சாலையும் அதற்கு முன் இதில் ஜெயித்தது இல்லை.

"பூனையா, கரடியா?"

கூட்டம் அதிகம் கூடும் இடம் இன்னொன்று. "அது பூனையா, குரங்கா, கரடியா?" என்று ஜனங்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

மூன்றும் இல்லை. அதுதான் சிவப்பு பாண்டா!

வீட்டுப் பூனையைவிடக் கொஞ்சம் பெரிய உருவம். செங்கல் நிற ரோமம். கறுத்த வயிறு, கறுத்த கால். வெள்ளைக் காது. முகத்தில் யாரோ சுண்ணாம்பால் கோலம் போட்டது போல வெள்ளைக் கோடுகள். புசுபுசுவென்று ஒரு வால். அதில் வளையம் வளையமாகப் பட்டை. நாலு முதல் ஆறு கிலோ எடை இருக்கும். சீனாவின் கருப்பு வெள்ளைப் பாண்டாவைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் பாண்டா என்ற பெயர் முதலில் இந்தச் சிவப்புக்காரனுக்குத்தான் சொந்தம். 1825-ம் ஆண்டிலேயே பிரெஞ்சு விஞ்ஞானி ஒருவர் இதைப் பற்றி எழுதிவிட்டார். பெரிய பாண்டா விஞ்ஞானிகளின் புத்தகத்தில் ஏறியது 1869-ல்தான். இரண்டும் ஒரே ஜாதியும் அல்ல. சிவப்பு பாண்டாவுக்கு உலகத்தில் நெருங்கிய சொந்தக்காரர்களே இல்லை.

சாப்பாடு மூங்கில் இலை. இதில்தான் வேடிக்கை! அதன் வயிறு மாமிசம் தின்னும் பிராணிகளின் வயிறு. மூங்கில் அதற்குச் சரியாக ஜீரணம் ஆகாது. தின்பதில் நாலில் ஒரு பங்குதான் உடம்பில் ஒட்டும். அதனால் ஓயாமல் தின்ன வேண்டும். தின்றது போக மீதி நேரம் அசையாமல் தூங்க வேண்டும். மரத்திலிருந்து இறங்கும்போது அணிலைப் போலத் தலைகீழாக இறங்கும்.

உச்சி வேளையில் போனவர்களுக்குக் கிளையில் தொங்கும் ஒரு வால் மட்டுமே காட்சி. குழந்தைகள் கை தட்டிக் கூப்பிடுவார்கள். பெரியவர்களும் விசில் அடிப்பார்கள். இது பெரியவர்கள் செய்கிற காரியம் இல்லை. அது திரும்பிப் பார்க்காது. அதிகாலையிலும் சாயங்காலத்திலும்தான் அது சுறுசுறுப்பாக இருக்கும். வாசல் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போகிறவருக்கு நல்ல தரிசனம் கிடைக்கும்.

டிக்கெட் இல்லாத இடம்

பிரயாணி பார்க்கும் பாண்டாக்கள் மொத்தக் கூட்டத்தில் ஒரு பகுதிதான். இன்னொரு பகுதி ஊருக்கு வெளியே, டோப்கே தாரா என்ற மலைச்சரிவில், மரங்களுக்கு நடுவே இருக்கிறது. அதுவும் இதே மிருகக்காட்சி சாலையைச் சேர்ந்ததுதான். ஆனால் அங்கே டிக்கெட் கிடையாது. பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. பணம் கொடுத்தாலும் பார்க்க முடியாது!

மிருகக்காட்சி சாலை நடத்துகிறவர்கள் மிருகத்தைக் காட்டாமல் ஒளித்து வைப்பது ஏன்?

அவை காட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியவை. அதற்காகத்தான்.

உலகம் முழுவதிலும் காட்டில் வாழும் சிவப்பு பாண்டாக்கள் பத்தாயிரத்தைத் தாண்டாது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். காடு துண்டு துண்டாகிறது, மூங்கில் அழிகிறது, தோலுக்காகத் திருட்டு வேட்டையும் நடக்கிறது. டார்ஜிலிங்குக்கு மேற்கே, நேபாள எல்லையை ஒட்டி இருக்கும் சிங்கலீலா தேசியப் பூங்காவில் 38 சிவப்பு பாண்டாக்கள் இருக்கலாம் என்று ஒரு கணக்கு சொல்கிறது. வெறும் 38! ஒரு தொற்று நோய் வந்தால், ஒரு காட்டுத் தீ பிடித்தால், அத்தனையும் போய்விடும்.

1990-களின் தொடக்கத்தில் டார்ஜிலிங் மிருகக்காட்சி சாலை இந்தக் கவலையில் இறங்கியது. உள்ளூர் பாண்டாக்கள் சில இருந்தன. அவற்றுக்குள்ளேயே ஜோடி சேர்த்தால் ரத்தம் ஒன்றாகி, குட்டிகள் பலவீனமாகிவிடும். சொந்தத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கல்யாணம் செய்வதில் உள்ள ஆபத்துதான் இது. அதனால் ஹாலந்தின் ராட்டர்டாம், ஸ்பெயினின் மாட்ரிட் போன்ற ஊர்களின் மிருகக்காட்சி சாலைகளிலிருந்து பாண்டாக்களை வரவழைத்தார்கள். இமயமலைப் பிராணிக்கு ஐரோப்பாவிலிருந்து மாப்பிள்ளையும் பெண்ணும்! விமானத்தில் வந்து இறங்கிய இந்தச் சம்பந்திகள் குளிருக்கு உடனே பழகிவிட்டார்கள்.

குட்டிகள் பிறந்தன. பிறந்து கொஞ்ச நாளைக்குக் கண் திறக்காத குட்டிகள். தாய்க்குப் பயம் வந்தால் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். அந்த அலைச்சலிலேயே குட்டி செத்துப் போவதும் உண்டு. கூட்டமும் கூச்சலும் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்வீட்டியும் மினியும்

2003-ம் ஆண்டு. பெரிய சோதனை ஒன்று நடந்தது.

மிருகக்காட்சி சாலையில் பிறந்து வளர்ந்த இரண்டு பெண் பாண்டாக்களைச் சிங்கலீலா காட்டில் விடுவது என்று முடிவு செய்தார்கள். ஒன்றின் பெயர் ஸ்வீட்டி. மற்றதன் பெயர் மினி.

இரண்டும் வேளா வேளைக்குச் சாப்பாடு வாங்கித் தின்று பழகியவை. காட்டில் யார் இலை பறித்துக் கொடுப்பார்கள்? சிறுத்தை வந்தால் மரம் ஏற வேண்டும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கூண்டில் பிறந்த மிருகத்தைக் காட்டில் விடுவது எளிய காரியம் அல்ல. நகரத்திலேயே வளர்ந்த பிள்ளையை நட்ட நடுக் கடலில் கட்டுமரத்தில் ஏற்றிவிடுவது போலத்தான்.

கைரிபாஸ் என்ற இடத்தில், காட்டுக்குள்ளேயே வேலி போட்டு அவற்றைப் பழக்கினார்கள். மாலிங் என்ற அந்தக் காட்டு மூங்கிலைத் தானே தேடித் தின்னக் கற்றுக்கொண்டன. கழுத்தில் ரேடியோ பட்டை கட்டினார்கள். பிறகு திறந்துவிட்டார்கள். ரேடியோ சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஊழியர்கள் மலைச்சரிவில் பின்னாலேயே அலைந்தார்கள்.

மினி அதிக நாள் வாழவில்லை. ஒரு வேட்டை மிருகத்தின் வாயில் அகப்பட்டுக்கொண்டது.

ஸ்வீட்டி தப்பியது. மூங்கில் தின்றது, மரப்பொந்தில் தூங்கியது. காட்டு ஆண் பாண்டா ஒன்றோடு ஜோடி சேர்ந்தது. 2004-ம் ஆண்டு மழைக் காலத்தில், மரப்பொந்து ஒன்றில் குட்டி போட்டது!

இரண்டில் ஒன்று போயிற்று, ஒன்று தாயாயிற்று. இதை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? "மினி கூண்டிலேயே இருந்திருந்தால் நிம்மதியாக வாழ்ந்திருக்குமே!" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஸ்வீட்டி கூண்டிலேயே இருந்திருந்தால், அந்தக் காட்டு ஆணுக்கு அந்த வருஷம் ஜோடி கிடைத்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

வேலை அதோடு நிற்கவில்லை. 2022 முதல் 2024 வரை ஒன்பது பாண்டாக்களைச் சிங்கலீலாவில் விட்டார்கள். ஏழு பெண், இரண்டு ஆண். அந்த ஏழில் மூன்று பெண்கள் காட்டிலேயே ஐந்து குட்டிகளை ஈன்றன. 38 பாண்டாக்கள் உள்ள காட்டில் ஐந்து குட்டி என்றால் லேசான விஷயமா?

2024-ம் ஆண்டில் உலக மிருகக்காட்சி சாலைகளின் சங்கம், வன உயிர்ப் பாதுகாப்புப் பரிசுக்கு இறுதிச் சுற்றில் மூன்று முயற்சிகளைத் தேர்ந்தெடுத்தது. அதில் இதுவும் ஒன்று. அதே ஆண்டில், அரிய பிராணிகளின் திசுக்களையும் மரபணுவையும் கடுங்குளிரில் உறைய வைத்துப் பாதுகாக்கும் வேலையையும் டார்ஜிலிங்கில் ஆரம்பித்தார்கள். பிற்காலத்தில் ஒரு பிராணி அழிந்து போகும் நிலை வந்தால் ஆராய்ச்சிக்கு உதவும் அல்லவா?

ஒரு தொல்லை மட்டும் தீரவில்லை. நாய்! மலைக் கிராமங்களிலும், பிரயாணிகள் தங்கும் இடங்களிலும் சுற்றித் திரியும் நாய்கள் காட்டுக்குள் நுழைகின்றன. பாண்டாவைத் துரத்திக் கடிக்கின்றன, நோயையும் பரப்புகின்றன. பிரயாணிகள் பிஸ்கட்டை எறிந்து நாய்களைக் கூடவே கூட்டிக்கொண்டு போவதும் இதில் சேர்த்தி. இருபது வருஷம் பாடுபட்டு வளர்த்ததை ஒரு நாய் ஒரு நிமிஷத்தில் முடித்துவிடும்.

போகிறவர்கள் கவனிக்க

வியாழக்கிழமை போய் ஏமாற வேண்டாம். அன்று மிருகக்காட்சி சாலைக்கு விடுமுறை.

கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் வயதானவர்களும் ஏற்றத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் வானம் தெளிவாக இருக்கும். மழைக் காலத்தில் போனால் மேகத்தைத்தான் பார்க்கலாம்.

மிருகக்காட்சி சாலையின் வளைவுக்குள்ளேயே மலையேறும் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. எவரெஸ்ட் சிகரத்தில் 1953-ம் ஆண்டு மே 29-ந் தேதி கால் வைத்த டென்சிங், 1954-ல் இந்தப் பள்ளி தொடங்கியதிலிருந்து பயிற்சித் தலைவராக இருந்தார். 1986-ல் அவர் காலமானபோது உடலைத் தகனம் செய்ததும் இந்த இடத்தில்தான். அங்கே அவருடைய சிலை நிற்கிறது. எவரெஸ்ட் ஏறியவர்கள் கொண்டுபோன சாமான்களும் காட்சிக்கு இருக்கின்றன. பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்ட வேண்டும்.

கால் வலுவும் ஒரு நாள் அவகாசமும் உள்ளவர்கள் மானேபஞ்சாங் போய், அங்கிருந்து ஜீப்பில் சந்தக்பூ சிகரத்துக்கு ஏறலாம். உயரம் 11,929 அடி. ஸ்வீட்டியையும் மினியையும் விட்ட கைரிபாஸ் அந்த வழியில்தான் வரும். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை சிங்கலீலா பூங்காவை மூடி வைப்பார்கள்.

அந்த வழியாகப் போகிறவர்களில் பாண்டாவைக் கண்டவர்கள் மிகச் சிலரே. அங்கே மரக்கிளைகளில் செம்பாசியும் வெண்பாசியும் படர்ந்து தொங்கும். அதன் நடுவில் ஒரு பாண்டா சுருண்டு படுத்திருந்தால், பத்தடி தூரத்தில் நின்று பார்த்தாலும் எது பாசி, எது வால் என்று தெரியாது.